பாலிஷ் போட்ட சிம்பல்

மாமாவின் ரைடு சிம்பலைக் கெடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவர் செய்தது நான் சொன்ன பொய்யை நம்பி.

மாமா அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில், பிரஸ் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பார். ஆறு நாள் இரும்போடு மாரடித்தவனுக்கு ஏழாம் நாளும் எதையாவது தட்டாமல் இருக்க முடியாது என்று அம்மா கிண்டல் செய்வாள். டிரம்ஸ் சர்ச்சுடையது. வலது பக்கம் ஸ்டாண்டில் நின்ற பெரிய வெண்கலத் தட்டு, அந்த ரைடு, மட்டும் மாமாவுடையது. கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் சென்னையில் பழையதாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெண் வீட்டாருக்கு இது தெரியாது.

பார்க்க லட்சணமாக இருக்காது. கருத்துப்போய், ஓரத்தில் பச்சை பூத்து, விரல் ரேகைகளோடு நிற்கும். ஆனால் சத்தம் இருக்கிறதே! மற்ற சிம்பல்கள் அடித்தால் ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கிவிடும். இது பாட்டு முடியும்வரை கூடவே வரும். குச்சி முனை படுகிற ஒவ்வொரு அடியும் ‘டிங் டிங்’ என்று தனித்தனியாகக் கேட்கும். அதற்கு அடியில், சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு ‘ஸ்ஸ்’ விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் குமிழில் அடித்தால் கோயில் மணி கெட்டது போங்கள். சர்ச் பாடகர் குழுவான கொயரில் நான் டிரம்ஸை ஒட்டி நிற்பவள், அதனால் அந்த ‘ஸ்ஸ்’ எனக்கு அத்துப்படி. தட்டை யாரும் துடைக்கக் கூடாது, அழுக்கும் சத்தத்தில் சேர்த்தி என்பது மாமாவின் சட்டம். சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு பைக் சைலன்சர்களுக்குப் பாலிஷ் போடும் வேலை. சுங்குவார்சத்திரத்தில் அவருடைய நண்பர் ஒருவரின் பட்டறையில் பாலிஷ் மெஷின் இருந்தது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சர்ச்சின் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, காணிக்கைத் தட்டு எல்லாம் மூட்டையாக அங்கே போய், தகதகவென்று திரும்பி வரும். இது எங்கள் வீட்டு ஊழியம். அந்த வருடம் சர்ச்சுக்குப் புதுப் பெயிண்ட் வேறு. கொயரில் ஒருத்தி, “இன்னாடி, உங்க மாமா தோசக்கல்ல கொண்டாந்து தட்டிக்கினு கீறாரு?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அந்தச் சனிக்கிழமை மாமா ஷிப்டில் இருந்தார். ரைடைக் கழற்றி மூட்டைக்குள் திணித்தேன்.

பட்டறையில் அப்பா அதை வெளியே எடுத்துப் பார்த்தார். “இத உங்க மாமாதான் குடுத்தானா?”

“ஆமாம்ப்பா.” கொஞ்சமும் வாய் கூசவில்லை.

அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சைலன்சரை அழுத்துவதுபோல் அதைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். தட்டு முழுக்க ஓடிய மெல்லிய வரிகள் தேய்ந்து மறைந்து போயின. கையில் பிடிக்க முடியாமல் கொதித்ததும் வாளித் தண்ணீரில் முக்கி, மறுபடியும் அழுத்தினார். முடித்தபோது அதில் தலை வாரிக்கொள்ளலாம்.

சர்ச்சுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, ஆசையாக ஒரு தட்டுத் தட்டினேன். ‘டங்.’ எவர்சில்வர் தட்டு கை தவறி விழுந்த சத்தம். குமிழில் அடித்தேன், ஓரத்தில் அடித்தேன். அந்த ‘ஸ்ஸ்’ எங்கேயும் இல்லை. மாமாவுக்கு நான் என்றால் உயிர். இனி என் முகத்தில் முழிக்க மாட்டார் என்று பயந்து, அங்கேயே முழங்கால் போட்டு, “ஆண்டவரே, சத்தம் போனது மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது” என்று ஜெபித்தேன்.

சாயந்திரம் பிராக்டிஸுக்கு மாமா கம்பெனி யூனிபாரத்தோடே வந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று. “எவன் இதத் தொட்டது?”

“நீதான மச்சான் குடுத்தனுப்புன?” என்றார் அப்பா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

மாமா உட்கார்ந்து குச்சியை எடுத்தார். வெகுநேரம் வாசித்தார். தலையைச் சாய்த்து, காதைத் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தார். கீபோர்டு அண்ணன் கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சவுண்டு அப்டியேதான் கீது,” என்றார் மாமா. “ஒண்ணும் ஆவல. அழுவாதடி லூசு.”

கீபோர்டு அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்து அமுக்கினார். அப்பா என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி மெடிக்கலில் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். கனத்த சத்தங்கள் முதலில் வந்தன. போகப் போக ஊசிபோல் மெலிந்தன. “பிரஸ் ஷாப் எரச்சல்ல கீறவங்களுக்கு மொதல்ல இந்தக் கீச்சு சத்தந்தாம்மா கேக்காம போவும்,” என்றார் நர்ஸ். பட்டனை அமுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். நான் கெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே மாமாவுக்கு அந்த ‘ஸ்ஸ்’ கேட்காமல் போயிருந்ததோ!

அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா அந்தச் செத்த தட்டை மனதாரத் தட்டி முடித்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் போதகர். முதல் ஆளாக எழுந்து நின்றேன். என்ன கேட்டேன் என்று சொல்லாமல், ஆண்டவர் என் ஜெபத்தை அப்படியே கேட்டார், ஸ்தோத்திரம் என்றேன். சபை கை தட்டியது. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து மாமாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.