விற்ற படத்துக்கு வைத்த பொட்டு

ஓவியக் கூடம் நடத்துவது என்பது, வாங்க வராதவர்களுக்காகக் காலையில் கதவைத் திறந்து, சாயங்காலம் அதே முகத்தோடு சாத்துகிற தொழில். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று போகிறவர்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் துணிக்கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் இதைப் படித்தால், என் வலி அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நான் கொல்லிமலைக்கு டிராயிங் டீச்சராக வந்தவள். ஓய்வு பெற்ற பிறகு கீழே இறங்கிப் போக மனசு வரவில்லை. இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அப்படி வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, புதிதாக வரைகிறவர்களின் படங்களை மாட்ட ஆரம்பித்தேன். சுவருக்கு அவர்களிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. பனிக்காலத்தில் படங்களின் முதுகில் பூஞ்சை பூக்கும். அதைத் துடைத்துக் காயவைப்பதும் நான்தான்.

கடை எப்போது திறக்கும்

அருவி பார்க்க வந்த குடும்பம் ஒன்று மழைக்கு உள்ளே ஒதுங்கியது. மற்றவர்கள் ஜன்னலோரம் நின்று முறுக்குத் தின்ன, அவர்களில் பெரியவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தார். ஒரு மனுஷராவது பார்க்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மழை விட்டதும் என்னிடம் வந்தார். "செவுத்தையெல்லாம் நல்லா அலங்காரம் பண்ணி வெச்சிருக்கீங்க. ஏனுங்க, கடை எப்பத் தொறப்பீங்க?"

சாக்கில் வந்த அப்பா

ரேவதி திருப்புலி நாட்டுப் பெண். கீழே ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவள். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து மரவள்ளிக்கிழங்குச் சாக்கு ஒன்றை இறக்கினாள். கிழங்குதான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளிருந்து படங்கள் வந்தன. கடைசியாக வந்தது அவளுடைய அப்பா பொன்னுசாமியின் முகம். பெரிய தாளில் கரியால் வரைந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, வெற்றிலை போட்ட உதடு, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. முப்பது வருஷம் டிராயிங் சொல்லிக்கொடுத்த நான், தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

கரி கலையாமல் இருக்கக் கண்ணாடி போட்டு நடுச்சுவரில் மாட்டி, மற்ற படங்களோடு அவளுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தேன். இந்தக் கண்காட்சியில் ஒரு படமாவது விற்காவிட்டால் கீழே பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதாக அவள் வீட்டில் ஒத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவிடம் படத்தைக் காட்டினாயா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாதுங்க டீச்சர். மொளகு காயப்போட்டுக் காவலுக்கு உக்காந்திருந்தப்ப ஒளிஞ்சிருந்து வரைஞ்சது. சொன்னா எந்திரிச்சுப் போயிருப்பாரு."

பேளுக்குறிச்சிக்காரர்

நாட்கள் போயின. ஒன்றும் விற்கவில்லை. ரேவதி தினமும் வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். யாராவது உள்ளே வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம், பேளுக்குறிச்சியிலிருந்து கோயிலுக்கு வந்த கட்டட மேஸ்திரி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெயர் முருகேசன். பொன்னுசாமியின் முகத்துக்கு முன்னால் நின்றவர் அசையவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விலை கேட்டார், பேரம் பேசவில்லை. கண்காட்சி முடிகிற அன்று வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எங்கப்பனுக்கு ஒரு போட்டோ கூட இல்லீங்க. இது அவரில்லைன்னு தெரியும். ஆனா இப்பிடித்தானுங்க எனக்காக உக்காந்திருப்பாரு."

நழுவிய பொட்டு

பட்டணத்துக் கூடங்களில் விற்றுப்போன படத்தின் ஓரத்தில் வட்டமாகச் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எங்கள் கூடத்தில் முதல் தடவையாக அதை ஒட்டும் பாக்கியம் அன்று எனக்குக் கிடைத்தது. கண்ணாடியின் கீழ்மூலையில் ஒட்டினேன். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இறந்தவர் படத்துக்குச் சின்ன பல்பு எரியவிடுவதோடு சரி, பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் பார்த்தால் ஸ்டிக்கர் பொன்னுசாமியின் நெற்றி நடுவில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் கண்கலங்க நின்றிருந்தார். திருப்புலி நாட்டுக்காரர், பொன்னுசாமிக்குத் தூரத்துச் சொந்தம். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

"பொட்டு கீழ நழுவிக் கெடந்துச்சுங்க டீச்சர், நாந்தான் எடுத்து நெத்தியில வெச்சேன். நல்ல மனுசன், எப்பங்க போனாரு?"

துக்கம் கேட்க வந்தவர்கள்

அதற்கடுத்து நடந்ததை ரேவதி சொல்லித்தான் அறிந்தேன். அன்று அவள் கூடத்துக்கு வரவில்லை; நான் போன் போட்டுச் சொல்வதற்குள் செய்தி முந்திப் போயிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் ஜீப் பிடித்து, மாலையோடு அவள் வீட்டு வாசலில் இறங்கிவிட்டார்கள். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பிக்கும்போது, செத்தவர் மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு கொல்லைப் பக்கமிருந்து வந்திருக்கிறார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பொன்னுசாமி மூட்டையை இறக்கிவிட்டு, படத்தில் இருக்கிற மாதிரியே உட்கார்ந்துவிட்டாராம். அக்காள் மகன்தான் கடைசியில் தொண்டையைச் செருமினான்.

"மாலை வாங்கியாச்சுங்க மாமா. என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

கண்காட்சியின் கடைசி நாள்

அடுத்த நாளே கண்காட்சி முடிகிறது. முதல் பஸ்ஸில் பொன்னுசாமி வந்து இறங்கினார், பின்னால் முகம் வீங்கிய ரேவதி. "என்னைய எதுக்குங்க டீச்சர் சாகடிச்சீங்க?" என்றார். நான் ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியாது, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்க மறந்திருந்த நெற்றிப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். இறக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ரேவதியும் அப்படித்தான் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் படத்தைச் சுற்ற ஒரு புது வேட்டியோடு வந்தார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். வேட்டியை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். "நீங்க இருக்கீங்கன்னு தெரியாதுங்கய்யா. எங்கப்பன்னு பொட்டு வெச்சு மாலை போடலாம்னு இருந்தேன். உசுரோட இருக்கிறவருக்கு அதைச் செய்ய மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். விற்ற ஒரே படமும் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

பொன்னுசாமி அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு மகளைப் பார்த்தார். தானே எக்கிப் படத்தை இறக்கி, மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. பொட்டும் மாலையும் மட்டும் இப்ப வேண்டாம். நான் போனதும் எம்புள்ள சொல்லி உடுவா, அன்னைக்கு வெச்சுக்குங்க."

ரேவதி கம்பெனி வேலைக்குப் போகவில்லை, அடுத்த படத்துக்கு அவள் அப்பா தானாகவே வந்து உட்காருகிறார், நானும் விற்ற படங்களுக்குப் பச்சை ஸ்டிக்கராக மாற்றிவிட்டேன், போன வாரம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "இது சைவப் படமுங்களா?" என்று கேட்டதைத் தவிர, தொழில் இப்போது நன்றாகத்தான் போகிறது.