சிவப்பு அட்டைக்குப் பின்னால்

என் அத்தை பார்த்த வேலைக்கு மயிலாப்பூரில் பெயர் இருந்தது. அதைப் பார்க்கிற பெண்ணுக்குத்தான் பெயர் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் ‘லைப்ரேரியன் சார்’ என்றார்கள். அத்தையைச் சிலர் ‘டீச்சரம்மா’ என்றார்கள், சிலர் ‘நர்ஸம்மா’ என்றார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு சாந்தோமிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தால் அவள் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. நான் மட்டும் பள்ளிக்கூடத்தில், எங்கள் அத்தை லைப்ரேரியன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெருமையடித்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அந்த வேலை அத்தைக்குக் கிடைத்ததே ஜப்பான்காரன் புண்ணியத்தில்தான். அவன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது லைப்ரேரியன் சாரும் குடும்பத்தோடு கும்பகோணத்துக்கு ரயிலேறினார். பயம் தணிந்து ஊர் திரும்பியது, அவர் திரும்பவில்லை. கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு மாடியில் இருந்த அந்த வாசகசாலைக்கு ஆள் தேடினார்கள். படித்த ஆண்களெல்லாம் யுத்த ஆபீசுகளில் சேர்ந்திருந்தார்கள். லைப்ரரிப் படிப்பில் தேறி மனுப் போட்டவள் அத்தை ஒருத்திதான். அந்த வகுப்பில் அவளும் இன்னொரு பெண்ணும் முதல் பெஞ்சில், பின்னால் இரண்டு பெஞ்சு காலி, அதற்கும் பின்னால் ஆண்கள் என்று உட்கார்ந்து படித்தார்களாம். கமிட்டி வேறு வழியில்லாமல், ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றது.

கான்வென்டில் டீச்சர் வேலை காத்திருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டாள். பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பா தங்கைக்காகப் பரிந்து பேசினார். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்குக் கமிட்டி கூடி, அத்தையை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும். அனுப்பிவிட்டால் பொம்பளைக்கு இந்த வேலை ஒத்துவராது என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதற்கப்புறம் முதல் பெஞ்சில் கூடப் படித்த அந்த இன்னொரு பெண் எங்கேயும் மனுவே போட முடியாது. அத்தை இதை அப்பாவிடம் சாப்பிடும்போது சொன்னாள். அன்று அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வாசகசாலையில் மெம்பர்களுக்கு ஆளுக்கோர் அட்டை. அட்டைகளை நீளமான மரப்பெட்டி ஒன்றில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதலில் கமிட்டித் தலைவரான ரிட்டையர்டு ஜட்ஜ். பிறகு மாடவீதிகளில் சொந்த வீடு உள்ளவர்கள், வக்கீல்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள். எல்லோரும் முடிந்த பிறகு ஒரு சிவப்பு அட்டை. அதில் கொட்டை எழுத்தில் ‘இதரர்’. அதற்குப் பின்னால் சாந்தோம்காரர்களாகிய நாங்கள், கச்சேரி ரோட்டுப் பாய்மார்கள், குப்பத்திலிருந்து வந்து படிக்கிற இரண்டு மூன்று பேர். புதுப் புத்தகம் வந்தால் இந்த வரிசைப்படிதான் கைமாறும். சிவப்பு அட்டையைத் தாண்டி எங்களிடம் வருவதற்குள் அதன் மேலட்டை போய், தைத்த நூல் போய், முக்கியமாகக் கடைசிப் பக்கமும் போயிருக்கும்.

இதில் அதிகம் அடிபட்டவர் தையற்கடை அப்துல் பாய். வீட்டில் பேசுவது உருது, படிப்பது தமிழ், அதிலும் துப்பறியும் நாவல் மட்டும். கொலை செய்தது யார் என்று அவருக்கு ஒரு புத்தகத்திலும் தெரிந்ததில்லை.

“டீச்சரம்மா, இதுலயும் கடேசிப் பக்கம் பூட்டுதும்மா. யாரு குத்துனான்னு உங்களுக்கு எதுனா தெரியுமா?” என்று கேட்பார். அத்தைக்கும் தெரியாது. “இன்னா பண்றது? நானே ரோசன பண்ணி ஒர்த்தன புட்ச்சி உள்ள போட்டுக்கினு கீறேன்” என்று சிரித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுத்துப் போவார். அத்தை சிரிக்க மாட்டாள்.

பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுப்பதற்கு அத்தைக்கு ஆரம்பத்தில் அரை மணி ஆகும். இந்தப் பெயருக்கு உரியவர் எந்தத் தெரு, சொந்த வீடா வாடகையா, என்ன உத்தியோகம் என்றெல்லாம் தெரிந்திருந்தால்தான் அட்டை அகப்படும். அவள் படித்த படிப்பில் அப்படி ஒரு பாடம் இல்லை. ஐந்து மாதத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கமிட்டி கூடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது புதுத் துப்பறியும் நாவல் ஒன்று வந்து இறங்கியது. அன்று சாயங்காலமே எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டி, பெயர்களின் அகரவரிசையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வாரம் பொறுத்து, நிரந்தரமான பிறகு செய்யக் கூடாதா என்று அப்பா கேட்டார்.

“அப்பறம் செஞ்சா ஏமாத்தி வேலை வாங்கின மாதிரி ஆயிடும் அண்ணா. இவ இப்பிடித்தான் செய்வான்னு தெரிஞ்சே வெச்சுக்கட்டும்.”

எனக்குப் பள்ளி விடுமுறை. நானும் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அ, ஆ, இ என்று குவியல் பிரித்தேன். சனிக்கிழமை வேலை முடிந்தபோது பெட்டியின் முதல் அட்டை அப்துல் பாயுடையது. ஜட்ஜின் பெயர் வகரத்தில் தொடங்கியதால் அவர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றார். எப்போதும் ஒருவரே முதலாகிவிடக் கூடாதென்று, ஒரு புத்தகம் அகரத்தில் தொடங்கினால் அடுத்தது ககரத்தில், அதற்கடுத்தது சகரத்தில் என்று அத்தை ஒரு காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினாள். புது நாவலை அன்றைக்கே அப்துல் பாயிடம் கொடுத்தாள். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார், கண்ணை மூடிக்கொண்டார், புத்தகத்தையும் மூடினார். “படிக்கலம்மா. பக்கம் கீதான்னு மட்டும் பாத்தேன்” என்றார்.

சிவப்பு அட்டைக்கு இனிமேல் வேலை இல்லை. அத்தை அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

எனக்குப் பகீரென்றது. சிவப்பு என்றால் எனக்கு மரியாதை. திருவிழாவுக்கு பிஷப்பான மேற்றிராணியார் வந்தால் அவர் நாற்காலிக்கு மட்டும்தான் சிவப்புப் பட்டு. மற்றவர்களுக்கெல்லாம் வெறும் பெஞ்சு. இந்தப் பெட்டியிலும் அத்தனை வெள்ளை அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு, அதற்குப் பின்னால் அப்பாவும் அத்தையும். இதை நான் ஆறு மாதமாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். ‘இதரர்’ என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ‘மிச்சமுள்ள மற்றவர்கள்’ என்கிற அர்த்தம் தெரியாது. ஏதோ பெரிய பட்டம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். கூடையிலிருந்து அட்டையை எடுத்துப் பாவாடையில் துடைத்தேன். எங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று தோன்றியது. இப்போதுதான் எல்லோரும் கலந்துவிட்டார்களே. அத்தை ஜன்னல்களைச் சாத்தப் போன சமயம் பார்த்து, பெட்டியின் முகப்பில், அப்துல் பாய்க்கும் முன்னால் அதைச் செருகினேன். எல்லோருக்கும் கிடைக்கட்டும். என் தாராள மனசை நினைத்து அன்று ராத்திரி எனக்கே ஆனந்தமாக இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனாள். கமிட்டியில் ஜட்ஜையும் சேர்த்து நான்கு பேர். ஜட்ஜ் வழக்கம்போல நேராகப் பெட்டியிடம் போனார். அவர் அட்டைதான் எப்போதும் முதல் அட்டை என்பதால் விரல் தானாக அங்கே போயிற்று. எடுத்தார், படித்தார். பின்னால் நின்ற எல்லா அட்டைகளையும் புரட்டிப் பார்த்தார்.

“இது என்ன?”

கமிட்டியில் இருந்த வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். “ஓய் ஜட்ஜ், நாமெல்லாருமே இதராளாயிட்டோம் ஓய்!”

ஜட்ஜ் சிரிக்கவில்லை. “ஆறு மாசமா உங்களை நம்பி ஒப்படைச்சிருக்கோம். எங்களையே கேலி பண்றேளா?” என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை அந்த அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் அத்தையின் வேலை போகப் போகிறது, அது என்னால்தான் என்பது மட்டும் புரிந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது போல நாலடி முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“நான்தான் வெச்சேன். சிவப்பு ரொம்ப ஒசத்தி. இத்தனை நாள் எங்களுக்கு மட்டும் இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கட்டும்னு முன்னால வெச்சேன்.”

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜட்ஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கொழந்தை வெளையாட்டுன்னா போகட்டும். பெட்டியைப் பழையபடி அடுக்கிடுங்கோ. பாக்கியை அப்புறம் பேசிக்கலாம்.”

வழி திறந்துவிட்டது. ‘சரி ஐயா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த அட்டையை இவ வெச்சது எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அத்தை. “ஆனா மத்ததெல்லாம் நான் செஞ்சது. அதைப் பழையபடி மாத்த என்னால முடியாது. மாத்தித்தான் ஆகணும்னா வேற ஆளை வெச்சு மாத்திக்குங்க.”

கையில் இருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். “என் அட்டையை எடுங்கோ பார்க்கலாம்” என்றார். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்ப்பதற்குள் அட்டை மேஜைமேல் இருந்தது. வேறொரு பெயர் சொன்னார், அதுவும் வந்தது. இன்னொன்று, இன்னொன்று. மாடவீதிப் பெயர், குப்பத்துப் பெயர் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். வக்கீலும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். அத்தை ஒருவரைக்கூட யார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பெயரை அவர்கள் சொல்லி முடிக்கும்முன் அட்டை வந்துகொண்டிருந்தது. எனக்கானால் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

“முன்னே இருந்தவர் ஊரைவிட்டுப் போனப்புறம் மூணு மாசம் உம்ம அட்டையைத் தவிர ஒண்ணும் கெடைக்கலையே ஓய்” என்றார் வக்கீல்.

ஜட்ஜ் தம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புது நாவல் இப்போ யார்கிட்ட இருக்கு?”

“தையற்கடை அப்துல் பாய்கிட்டங்க.”

“என் கைக்கு வரச்சே கடைசிப் பக்கம் இருக்குமோ?”

கடைசிப் பக்கங்கள் காணாமல் போவது அவருக்கும் இத்தனை நாளாகத் தெரிந்துதான் இருக்கிறது.

“இருக்குங்க. ஒவ்வொருத்தர் திருப்பித் தரும்போதும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். யாரா இருந்தாலும்.”

ஜட்ஜ் தம் அட்டையை அத்தையிடம் நீட்டினார்.

“அப்போ இப்படியே இருக்கட்டும், லைப்ரேரியன்” என்றார்.

டீச்சரம்மா இல்லை, நர்ஸம்மா இல்லை. அவர் பேனாவைத் திறந்து கமிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டார். போகும்போது மேஜைமேல் கிடந்த சிவப்பு அட்டையை எடுத்து, இரண்டாக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக வைத்ததை அவர் ஒருவரே எடுத்துக்கொண்டு போகிறாரே! கச்சேரி ரோட்டில் நடந்து வரும்போது அத்தையிடம் அப்படியே சொன்னேன். அத்தை நடுரோட்டில் நின்று, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல், வேலை நிரந்தரமானதற்குத்தான் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

போனது போகட்டும், வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கி மீந்த சிவப்புத் தாள் இருந்தது. அட்டையில் ஒட்டி, கொட்டை எழுத்தில் ‘இதரர்’ என்று எழுதி, கஞ்சிப் பசை தடவி வாசற்கதவில் ஒட்டினேன். அதைக் கிழிக்க வந்த அம்மாவை அப்பா தடுத்தார். அதற்குள் அத்தை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கதவுக்கு முன்னால் நின்று அந்த ஒரே வார்த்தையை ஒரு பக்கத்தைப் படிப்பது போல நிதானமாகப் படித்தார். ஒரு மூலை ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டை விரலால் அழுத்தி, பசை பிடிக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றார்.

ஐப்பசி மழையில் சாயம் போகிற வரைக்கும் அது எங்கள் கதவில் இருந்தது. பால்காரர், தபால்காரர், பங்குச் சாமியார் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பட்டம் கிடைத்ததில் என்னைப்போலவே அப்பாவுக்கும் பெருமை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு நிஜமாகவே பெருமைதான். எதைப்பற்றி என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.