சிரிப்புப் படத்துக்கு அழுத கேம்ப்

சிரிப்புப் படம் பார்த்துவிட்டு ஒரு கேம்ப்பே மூக்கைச் சிந்தியதைப் பார்த்திருக்கிறீர்களா? போன வெள்ளிக்கிழமை நான் பார்த்தேன். துபாயில்!

நண்பர் சுந்தரம் பர் துபாயில் குடும்பத்தோடு இருக்கிறார். கட்டுமான கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். லீவு நாளில் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் கேம்ப்புக்குப் போய்விடுவார். கிடைப்பதெல்லாம் இங்கிலீஷ் படம். நம் ஆட்களுக்குப் புரிய வேண்டுமே? மைக்கைப் பிடித்துக்கொண்டு வசனத்தை அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். ஹீரோ, ஹீரோயின், வில்லன்... எல்லாம் அவர் குரல்தான்.

அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எல்லோரும் மணலில் உட்கார்ந்திருக்க, காளியப்பன் மட்டும் கட்டிலோடு வெளியே வந்திருந்தார். புதுக்கோட்டைக்காரர். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடி. எழுந்து உட்கார முடியவில்லை. ஆனால் வெளியே ஒரு கீறல் கிடையாது. அங்கேதான் சிக்கல்!

இன்ஷூரன்ஸ் பணத்துக்காக நடிக்கிறானோ என்று ஃபோர்மேன் தேவராஜுக்குச் சந்தேகம். மறுநாள் காலையில் அவர் கம்பெனியில் சொல்லப்போவதுதான் முடிவு. நடிப்பு என்று சொல்லிவிட்டால் காளியப்பனுக்குப் பணமும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. நேராக ஊருக்கு பிளேன் ஏற்றிவிடுவார்கள்.

படம் ஆரம்பித்தது. என்ன கதை தெரியுமா? கடை வாசலில் வழுக்கி விழுந்தவன், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக நடக்க முடியாதவனாக நடிக்கிறான்! திரும்பிப் பார்த்தால், கூட்டத்தில் தேவராஜும் உட்கார்ந்திருக்கிறார்!

"அசையாதே, பணம் கொட்டப் போகிறது" என்று பெண்டாட்டி அவன் காதில் இங்கிலீஷில் கிசுகிசுக்கிறாள். சுந்தரம் ஒரு கணம் நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார். பிறகு மைக்கில் தழுதழுத்தார்.

"அழாதீங்க... உங்களுக்கு நான் இருக்கேன்."

அடப்பாவி மனுஷா!

அவ்வளவுதான், படம் தடம் மாறிவிட்டது. ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து அவனை வேவு பார்க்கும் இன்ஷூரன்ஸ்காரர், ஏழை வயிற்றில் அடிக்கும் வில்லனாகிவிட்டார். கேம்ப் அவரைத் திட்டித் தீர்த்தது.

அப்புறம் வந்தது அந்த சீன். ஹீரோ கதவைச் சாத்திவிட்டு, சக்கர நாற்காலியை உதறி எழுந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறான்! தேவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"பாவம்... கனவு காண்றான்" என்றார் சுந்தரம்.

கேம்ப் முழுக்க உச்சுக் கொட்டியது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? கனவு சீன் பார்த்தே வளர்ந்த கூட்டம் அல்லவா நாம்! கடைசியில் நாய் துரத்த, ஊரே பார்க்க அவன் எழுந்து ஓடுகிறான். சுந்தரம் அசரவே இல்லை. "மருந்து வேலை செஞ்சிடுச்சு!" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கதையை, அடித்து எழுத வழியில்லாமல், நின்ற இடத்தில் மாற்ற என்னால் முடியுமா? சத்தியமாக முடியாது.

தேவராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனார்.

"உனக்கு நெசமாவே அடிதான்னு நாளைக்கு நானே சொல்லுதேன்டே. ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாங்கள் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, காளியப்பன் சுந்தரத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சார்... அந்த ஆளை எந்திரிச்சு ஓட வச்சுச்சே, அது என்ன மருந்துங்க?"

படம் முழுக்க வசனத்துக்குத் தடுமாறாத சுந்தரம், கட்டி முடித்த புரொஜெக்டரை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.