பால் காய்ச்சிய கூடம்

என் கணவர் ரயில்வே பட்டறையில் பிட்டர். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸின் ஒற்றை அறையில் ஐந்து பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். விசாலமாக வாழும் ஆசையில், கையிலிருந்ததோடு செட்டியாரிடம் கடனும் வாங்கி, பக்கத்துத் தெருவில் நாலு அறைப் பலகை வீடு ஒன்றை வாங்கினோம். வீட்டுப் பத்திரம் அவரிடம் அடகில் இருந்தது. முன்கூடத்தில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம்.

சம்பளம் என்றைக்கும் குறையாது என்று நம்பியதுதான் எங்கள் தவறு. ரப்பர் விலை விழுந்து ரயிலில் சரக்குக் குறைந்ததும் பட்டறையில் சம்பளத்தைக் குறைத்தார்கள். இரண்டு தவணை நின்றதும் செட்டியார் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அடுத்த மாசமும் வரலேன்னா ஏலத்துல விடவேண்டியதுதாம்மா.”

அறைகளையும் கூடத்தையும் பட்டறை ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றேன். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பால் காய்ச்சின கூடத்துல வேத்தாளுங்களப் படுக்க வைப்பியா?”

“கூடம் போனா போகுதுங்க, வீடு நிக்கட்டும்” என்றேன்.

ஏழு பேரும் அடுப்படிக்குக் குடிபெயர்ந்தோம். நாலு அறை வீட்டுக்காரர்கள், பழைய ஒற்றை அறையைவிடச் சின்ன இடத்தில்! ஆனாலும் தகரக் கூரையில் மழை கொட்ட, அடுப்புச் சூட்டில் வரிசையாகப் படுத்துக் கதை பேசிய அந்த இரவுகள் எங்களுக்குப் பிடித்துப்போயின.

போன தை மாதம் கடன் தீர்ந்தது. குடியிருந்தவர்களும் காலி செய்தார்கள். பிள்ளைகளுக்கு அறைகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் வீடு பார்க்க என்னைக் கூப்பிட்டால், நான் அறைகளை எண்ணுவதில்லை. நேரே அடுப்படிக்குப் போய், எல்லோரும் படுக்க இடமிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.