சோளம் விற்ற படகு

எங்கள் தேயிலை மலையிலிருந்து பார்த்தால் ரிங்லெட் அணை ஏரி கைக்கு எட்டும் தூரத்தில் கிடப்பதுபோலத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கொழுந்து லோரி ஓட்டிய காலம் முழுக்க, அந்த வளைவில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பார்த்தேன். ஒரு நாள்கூட அதன்மேல் போனதில்லை. எங்கிருந்தோ வருகிறவன் இறங்கி நின்று படம் பிடித்துக்கொண்டு போவான். நான் கொழுந்து வாடிவிடும் என்று ஆலைக்கு ஓடுவேன். நினைத்தாலே எரிச்சல் வரும்.

என் மனைவிக்கும் ஏரிமேல் போக ஆசை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் மேல்மலையில் கொழுந்து வெட்டியவள். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் நிழல் பார்த்து உட்காருவார்களாம். இவள் ஏரி பார்த்து உட்காருவாளாம்.

"வெயில்லயா?" என்று கேட்டேன்.

"வெயில்லதாங்க தண்ணி மினுங்கும்."

அந்த வருடம் தீபாவளியோடு எனக்கு வேலை ஓய்வு. தோட்டத்தில் வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு ஈப்போவில் மகனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போவதற்குள் ஒரு படகு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அணை ஆபீசில் கேட்டதற்கு, இன்ஜின் இல்லாமல் துடுப்புப் போட்டுப் போனால் சரி, மிதவைச் சட்டை கட்டாயம் என்றார்கள். அதுவரை சண்டை இல்லை. புதுசா பழசா என்ற பேச்சு வந்ததும் வீட்டில் சண்டை.

"பழசு வேணாம்," என்றாள். "நம்ம வீட்டுல எதுங்க புதுசு? அலமாரி தொரை பங்களாவுல தூக்கிப் போட்டது. டிவி ஆபீஸ் கிராணி வீட்டுது. மோட்டாரு உங்க அண்ணன் ஓட்டி முடிச்சது. ஒன்னாச்சும் புதுசா வாங்குங்கலா."

"புதுசு வாங்கி எங்க வைக்கிறது?"

"பழசுன்னா மட்டும் தலையில வச்சுக்குவீங்களா?"

நான் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கியா பார்ம் சந்தையில் எனக்குத் தெரிந்த காய்கறிக்காரன் ஒருவன், கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை பைபர் படகைப் போட்டு அதில் சோளமும் கீரையும் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தான். பீடோர் பக்கம் ஈயம் தோண்டிய பள்ளத்துக் குட்டையில் கிடந்ததாம். வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அவனுக்குச் சிரிப்பு.

"அண்ணே, அடியில பாத்தீங்களா?"

குனிந்து பார்த்தேன். இட்லித் தட்டுபோல ஓட்டைகள்.

"தெளிக்கிற தண்ணி அடியில நின்னு கீரை அழுகுதுண்ணே. அதான் ட்ரில் போட்டேன்."

"நீயெல்லாம் மனுசனாடா? படகுல எவனாவது ஓட்டை போடுவானா?"

"எனக்கு அது படகு இல்லண்ணே. கீரைக்கூடை."

லைனில் யாராவது பழைய வண்டி வாங்கினால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, முன்னாடி வைத்திருந்தவன் ஏன் விற்றான், வண்டி யாரையாவது அடித்ததா என்பதுதான். நான் பார்த்து வைத்த படகுக்கும் கேட்டார்கள். யாராவது மூழ்கிச் செத்தார்களா என்று. மனைவி பயந்துவிட்டாள். நான் மறுபடி கியா பார்முக்குப் போய் விசாரித்தேன். "மொத ஆளு வயசாயி வித்தாருண்ணே. எங்கிட்ட வந்து சோளந்தான் செத்துச்சு," என்றான். அவள் மசியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஈப்போவுக்குப் படகுக் கடைக்கு அழைத்துப் போனேன். சிமெண்டுத் தரையில், பழைய டயர்களின்மேல் ஒரு நீலப் படகு. புது வாசனை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நடுப்பலகையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். எதிரே சுவரில் தூண்டில்கள் தொங்கின. அவள் பார்த்தது அந்தச் சுவரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

கடைக்காரச் சீனப் பெண், இது விற்றுப்போனது, உங்களுக்கு ஆர்டர் போட்டால் சீனப் பெருநாள் கழித்துத்தான் வரும் என்றாள். அதற்குள் எங்கள் வீட்டில் வேறு ஆள் குடியிருப்பான். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே இறங்கவில்லை. பிறகு இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

"போதும். புதுசுல உக்காந்தாச்சு. போயி அந்தச் சோளப் படக எடுங்க."

வீட்டுக்குத் திரும்பினோம். எனக்குக் கோபம். அவள்மேல் இல்லை. வேறு யார்மேல் என்று தெரியவில்லை, அதனால் முன்னால் போன லோரிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சோளப் படகையே வாங்கி வந்தேன். லோரி மட்கார்டு ஒட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அதே பைபர் துணி, அதே பசை. ஒவ்வொரு ஓட்டையையும் உள்ளேயும் வெளியேயும் அடைத்துத் தேய்த்தேன். பழசானாலும் எங்களுக்கு வந்த வண்டி, பூசை போடாமல் எடுக்க முடியாது. மாரியம்மன் கோயில் பூசாரி ஏரிக்கரைக்கு வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டயரு எங்கய்யா? எதுக்குக் கீழ வைக்கிறது?"

"மூக்குக்கு முன்னாடி வைங்க சாமி," என்றாள் மனைவி.

தள்ளினோம். பழம் நசுங்கவில்லை. மேலே மலையை வெட்டிக் காய்கறி போடுகிறவர்களின் மண்ணெல்லாம் இறங்கிக் கரை முழுக்கச் சேறு. அதில் புதைந்து, பிறகு மேலே வந்து, தண்ணீரில் மிதந்து போனது.

"பாருங்க, நமக்கு முன்னாடி அது போவுது," என்று சிரித்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அவள்தான் நம்பாமல் அடிப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நடு ஏரிக்கு வந்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"நம்ம வீடு எது?"

எனக்கும் தெரியவில்லை. அங்கிருந்து லைன் முழுவதும் ஒரே தகரக் கோடாகத்தான் தெரிந்தது. அவள் அதை விட்டுவிட்டு மேல்மலையைப் பார்த்தாள்.

"இவ்ளோ ஒசரமா? இதையா நான் தெனம் ஏறி எறங்குனேன்?"

நான் துடுப்பை நிறுத்தினேன். அவள் பார்த்து முடிக்கட்டும்.

தீபாவளி வரை மழை இல்லாத ஞாயிறுகளில் போனோம். அவ்வளவுதான். மூன்றாம் மாடிக்குப் படகை ஏற்ற முடியுமா? காய்கறிக்காரனிடமே விட்டுவிட்டு வந்தேன். விற்கக் கூடாது, நாங்கள் வரும்போது தர வேண்டும் என்று பேச்சு. இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியின் துணிக்கொடி. மனைவி அதையும் வெயில் நேரத்தில் நின்று பார்க்கிறாள்.

போன வாரம் அவன் போன் செய்தான்.

"அண்ணே, நீங்க போட்ட ஒட்டு ஒரு சொட்டு விடமாட்டேங்குது. மழத்தண்ணி ரொம்பி கீரையெல்லாம் நீந்துது. ரெண்டே ரெண்டு ஓட்டை போட்டுக்கிறேன்லா."

"போட்டுப் பாரு. கைய ஒடச்சிருவேன்."

சத்தம் கேட்டு அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, அதக் கவுத்துப் போடுங்க. முதுகு மேல சோளத்த அடுக்கி வைங்க. ஓட்டை மட்டும் போடாதீங்க. நாங்க வருவோம்."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன்.