அண்ணிக்குக் காட்டாத தழும்பு

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அண்ணா மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வாகனம் திருத்தும் கராஜில் சேர்ந்தார். என்னைப் படிப்பித்தார், கலியாணம் செய்துவைத்து மெல்பேர்னுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டார். கோபம் வந்தால் சாப்பிடமாட்டார். அதைவிட வேறு குற்றம் அவரில் நான் கண்டதில்லை.

2009 இறுதிப் போரில் ஷெல் விழுந்து, அவர்கள் பதுங்கியிருந்த பங்கர் பற்றியெரிந்தபோது, மகளைத் தூக்கி அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு அண்ணா கடைசியாக வெளியே வந்தார். கழுத்தும் நெஞ்சும் வெந்துபோயின. முகாமில் மருந்துக்கே வழியில்லை. புண் முழுவதும் ஆறும் முன்னரே நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அண்ணியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுப் படகில் வந்து, நெடுநாள் தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு மெல்பேர்னின் டண்டினொங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்த்து அழுதேன். தழும்பு கயிறு கயிறாகத் தடித்துச் சிவந்து, தாடையை நெஞ்சோடு இழுத்து வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கழுத்தை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அங்கிருந்த நேர்ஸ் எனக்கு விளங்கப்படுத்தினார். ஆழமாக வெந்த இடத்தை மூடுவதற்கு உடம்பு நார் நாராகப் போடுமாம். மூடிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் போட்டுக்கொண்டே இருக்குமாம். அதுதான் தடிப்பு. கழுத்துப் போன்ற மடிகிற இடமென்றால் அது சுருங்கி இழுக்கும். ஆகவே இறுக்கமான அழுத்தச் சட்டையும் கழுத்துப் பட்டியும் இரவு பகலாக, ஒரு வருடமாவது போட வேண்டும். விட்டால் பழையபடி இழுத்துவிடும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நேர்ஸ் சொன்னபடியே அண்ணா கேட்டார். வெயிலில் வேர்த்து வடிந்தாலும் கழற்றமாட்டார். தழும்பு தட்டையாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் காரின் முன் சீற்றிலிருந்து திரும்பி, பின்னால் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தழும்புகள் போரில்தான் ஏற்பட்டன என்று ஏற்க முடியாதாம். மறுவிசாரணை கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். நிரந்தர விசா கிடைத்தால்தான் அண்ணியையும் மகளையும் கூப்பிடலாம். எங்கள் சனத்தில் விசா விசயமென்றால் எல்லோருமே லோயர்தான். ஸ்பிரிங்வேல் கடையில் ஒருவர், தோல் வழுவழுப்பாகிவிட்டால் விசாரணையில் எதைக் காட்டப் போகிறாய் என்று அண்ணாவிடம் கேட்டாராம். அவரும் இதை வாசிப்பார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதை நானும்தானே நம்பினேன்.

அன்று அண்ணா சட்டையையும் பட்டியையும் கழற்றி மேசையில் வைத்தார்.

“எனக்கு வேற சாட்சி இல்லைப் பிள்ளை. இதுவும் அழிஞ்சா நான் எதைக் காட்டுறது?”

நான் அவற்றைத் தோய்த்து, மடித்து, என் அலுமாரியில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக் கேட்டபோது, ஒழுங்காகப் போடுகிறார், வேலையால் வர முடியவில்லை என்றேன். இப்படி ஒரு தடவையல்ல, மூன்று தடவை சொன்னேன்.

தழும்பு திரும்பவும் தடித்தது. சொறிந்து சொறிந்து சேர்ட்டில் இரத்தம் இருக்கும். கழுத்து முன்னைவிட மோசமாக இறுகியது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவும் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். ஸ்கைப்பில் அண்ணியோடு கதைக்கும்போது தாடைவரை மவ்ளர் சுற்றிக்கொள்வார். ஏன் என்று அண்ணி கேட்டால், மெல்பேர்ன் குளிர் என்பார், கோடையிலும்.

அண்ணா எங்களை விட்டுப் போன அன்று காலை மரக்கறி பொதிசெய்யும் வேலைக்குச் சைக்கிளில் போனார். வலப்பக்கம் திரும்பக் கையைக் காட்டினாராம், பின்னால் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவரை மோதிய வான் வண்டியை ஓட்டி வந்தவர் பொலிசுக்கு அப்படித்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அண்ணாவால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

செய்தியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு அழைத்தபோது அந்த நேர்ஸ் அழுதார். விசாரணைக்காகத்தான் அண்ணா சட்டையைக் கழற்றினார் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அண்ணா அங்கு வந்த முதல் நாளே எடுத்த படங்களும், இவை ஆழமான தீக்காயத் தழும்புகள் என்று டொக்டர் எழுதிய குறிப்பும் கோப்பில் இருக்கின்றன, கேட்டிருந்தால் தந்திருப்போம் என்று அவர் சொன்னார். விசாரணைக்கு அவற்றைத்தான் கொடுத்திருக்க வேண்டும், தழும்பை அப்படியே வைத்திருக்கத் தேவையே இருக்கவில்லை என்று மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்த லோயரும் சொன்னார். நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நின்று சமைத்தவர்களுக்கும், சிட்னியிலிருந்து இரவிரவாகக் கார் ஓட்டி வந்த உறவுகளுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், அண்ணாவோடு வேலைசெய்து, அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய தம்பிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நேர்ஸுக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை.

அடக்கத்தன்று அண்ணி ஸ்கைப்பில் பார்ப்பதற்காக மடிக்கணினியைப் பெட்டிக்கு அருகில் வைத்திருந்தோம். கழுத்துத் தெரியாதபடி கொலரைப் பூட்டி ரை கட்டியிருந்தார்கள். அண்ணி, “அதைத் திறந்து விடுங்கோ மச்சாள்” என்றார். திறந்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ட ஆக்கள் எல்லாருக்கும் காட்டினவர். அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டினதே நான். எனக்கு ஏன் மறைச்சவர்?”

அண்ணி, அவர் ஏன் மறைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குச் சொன்ன பொய் இன்றுவரை உங்களுக்கும் தெரியாது. இந்த மலர் தபாலில் உங்கள் கைக்கு வரும். வாசித்த பிறகும் என்னை மச்சாள் என்று கூப்பிடுவீர்களா?