ஏறாத ஆளுக்குப் பிடித்த சீட்

மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை தேட உதவும் கருவி டிபக்கர். அந்த டிபக்கரே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களை எழுதுவது என் தொழில். கணினியோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, இரண்டாயிரங்களின் நடுவில் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. டெஸ்ட்கள் அனைத்தும் ஆளில்லாமல் தானாக ஓடி முடிய வேண்டும், இல்லாவிட்டால் மாடியைப் பூட்டிவிடுவோம் என்று கொழும்பு டைரக்டர் சொல்லியிருந்தார். பூட்டினால் நான் கொழும்புக்கு மூட்டை கட்ட வேண்டும். பக்கத்தில் என் வீடு இருக்கும் நோர்வூட்டை விட்டு நகர்வதாக எனக்கு உத்தேசமே இல்லை.

பூட்டிய அறையில் ஒரு கேள்வி

ஓடும் புரோகிராமை இன்ன இடத்தில் நிறுத்து என்று சொல்லி வைப்பதுதான் பிரேக்பாயின்ட். அந்த இடம், புரோகிராம் ஓடும்போது தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளும் துணை நிரலான லைப்ரரிக்குள் இருந்து, அது இன்னும் ஏறவில்லை என்றால், டிபக்கர் மரியாதையாகக் கேட்கும்: இப்போது அது இல்லை, பிறகு வந்தால் நிறுத்தட்டுமா? ஆள் இருந்தால் 'ஆம்' என்று தட்டலாம். சனி, ஞாயிறு பூட்டிய மாடியில் யார் தட்டுவது? திங்கள் காலை வந்தபோது திரையில் அதே கேள்வி, பின்னால் மற்ற டெஸ்ட்களெல்லாம் தேங்கிக் கிடந்தன. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மேலாளர் சிவம் சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, அது சனிக்கிழமையிலயிருந்து உம்மட்டைத்தான் கேட்டுக்கொண்டு நிக்குது."

எல்லாம் பச்சை

இதென்ன பிரமாதம் என்று, எதைக் கேட்டாலும் 'ஆம்' என எல்லா டெஸ்ட்களுக்கும் ஒரேயடியாக எழுதிப் போட்டேன். அடுத்த திங்கள் திரை முழுக்கப் பச்சை, அதாவது எல்லாம் பாஸ். பேக்கரியில் கேக் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். கேக் தீரும் முன்பே, டிபக்கரை வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர் போன் எடுத்தார்: "உங்க டெஸ்ட்ல பாஸாகிற டிபக்கர், எங்க புரோகிராமை மட்டும் ஏன் நிறுத்த மாட்டேங்குது?"

டிக்கோயா தாண்டியது

அன்று மாலை பஸ்ஸில் என்னோடு வேலை செய்யும் மகேஸ்வரி, வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு சீட் பிடித்தாள். டிக்கோயாவில் ஏறும் தங்கைக்காகப் பக்கத்துச் சீட்டிலும் ஒன்று. யார் கேட்டாலும் "ஆள் வருது". டிக்கோயா வந்தது, போனது, தங்கை ஏறவில்லை. எனக்குச் சுரீரென்றது. நான் எழுதிய டெஸ்ட்கள் கைக்குட்டை விழுந்ததா என்று மட்டும் பார்த்தன. ஆள் வந்து உட்கார்ந்ததா, அதாவது லைப்ரரி வந்ததும் புரோகிராம் உண்மையிலேயே நின்றதா என்று பார்க்கவில்லை. நின்றுகொண்டே வந்த கண்டக்டர் சொன்னார்: "டிக்கோயா தாண்டிருச்சு, ஆளக் காணோம். கைக்குட்டைய எடுங்க தங்கச்சி."

ஒரு சிவப்பு

மறுநாளே மாற்றினேன். காத்திருக்க வேண்டிய டெஸ்ட்டுக்கு மட்டும் 'ஆம்', மற்றதற்கெல்லாம் 'இல்லை'. லைப்ரரி வந்தும் டிபக்கர் புரோகிராமை நிறுத்தாவிட்டால் ஃபெயில். அந்த வார முடிவில் எல்லாம் தானாக ஓடி முடிந்தன, நடுவில் ஒரே ஒரு சிவப்போடு. அதைப் பார்க்க டைரக்டரே மலையேறி வந்தார். சிவம் சேருக்கு வியர்த்தது, எனக்கு இல்லை. லைப்ரரி ஏறுகிறது, டிபக்கர் தூங்குகிறது என்று திரையிலேயே காட்டினேன். டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதத்தான் கஸ்டமர் திரும்பத் திரும்பச் சொன்னாங்க, நாங்கதான் நம்பல. மாடிய பூட்ட வேணாம், இன்னொரு மேசை வாங்கிப் போடுங்க."

பாஸாகி வேலை வாங்கியவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம், ஃபெயிலைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொண்டது ஹட்டனில் நாங்கள் மட்டும்தான்.